சுவர் ஏறிய புழுக்கள்

ஒரு புழு செத்துவிட்டதா என்று சொல்ல பிலோமினாவுக்கு ஒரு நொடி போதும். பிளாட்டினக் கம்பியின் நுனியால் அதன் தலைப்பக்கம் மெல்லத் தொடுவாள். அசைந்தால் உயிர். அசையாவிட்டால் வால்பக்கம் ஒரு தடவை. அதற்கும் அசையாவிட்டால் செத்தது. கம்பியை ஸ்பிரிட் விளக்கில் காட்டிவிட்டு அடுத்த புழுவுக்குப் போவாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. சிறுமலை அடிவாரத்து மூலிகை ஆராய்ச்சி நிலையத்துக்கு விஞ்ஞானிகள் வருவார்கள், கட்டுரை எழுதுவார்கள், வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவார்கள். புழு எண்ணுகிறவள் மட்டும் மைக்ரோஸ்கோப் முன்னால் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள்.

புழு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ளே ஓடுவதெல்லாம் வெளியே தெரியும். நூற்புழு என்று பெயர். வட்டமான பிளாஸ்டிக் தட்டில் அகர் என்கிற கூழை ஊற்றி, நடுவில் பாக்டீரியாவைப் பூசிவிட்டால் அதுதான் அதற்குச் சோறு, அதுதான் ஊர். பிறப்பதும் தின்பதும் முட்டையிடுவதும் சாவதும் அந்த வட்டத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும்.

பிலோமினாவின் நோட்டில் மூன்று பத்திகள் உண்டு. உயிருடன், செத்தவை, ஏறினவை. மூன்றாவது பத்திக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். நூற்புழு சோற்றை விட்டு நகராது. ஆனால் ஐம்பதில் இரண்டு மூன்று, என்ன கிறுக்கோ, சோற்றை விட்டுவிட்டு ஊர்ந்துபோய்த் தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்துவிடும். தட்டிலேயே இருந்திருந்தால் அது எத்தனை நாள் வாழ்ந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அப்படி ஏறியதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் ஆயுள் கணக்குப் போட வேண்டும். உலகம் முழுக்க அதுதான் விதி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் ஏறியவற்றின் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு, சுவரைத் துடைத்து, பஞ்சை பிளீச்சிங் தண்ணீரில் போட்டுவிடுவாள். அந்தப் பத்தியை எழுதிய பிறகு யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, அவள் உள்பட.

அவளுடைய கவலையெல்லாம் அந்த வருஷம் வேறொன்றின் மேல் இருந்தது. புருஷனின் கால்.

அந்தோணிராஜ் பிரியாணி மாஸ்டர். திண்டுக்கல்லைச் சுற்றி நடந்த கல்யாணங்களில் பாதிக்காவது அவருடைய கைப்பக்குவம் போயிருக்கும். போன கார்த்திகையில் ஒரு கல்யாண வீட்டில் அண்டாவை இறக்கும்போது ஒரு கங்கு அவருடைய குதிகாலுக்கும் செருப்புக்கும் நடுவில் விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. தோல் கருகும் வாடை வந்ததும், கறி அடிப்பிடிக்கிறது என்று பக்கத்தில் நின்றவரைப் பிடித்துத் திட்டியிருக்கிறார். சர்க்கரை வந்து பதினாறு வருஷம், பாதத்தில் உணர்ச்சி போய் நாலு வருஷம். ஐந்து மாசமாகியும் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் முட்டிக்கு மேலே.

"ஒத்தக்காலோட அண்டா முன்னாடி எவன் நிப்பான்?" என்று கேட்டுவிட்டு அந்தோணிராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்கப் பிலோமினாவால் முடியவில்லை.

நிலையத்தில் அப்போது பதினேழாம் நம்பர் சாற்றின் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. மலையில் வளரும் ஏதோ ஒரு கொடியின் வேர். பெயர் வைக்கிற அளவுக்கு எந்தச் சாறும் அதுவரை தேறாததால் எண்ணே பெயராக இருந்தது. நிலையத்தின் தலைவர் டாக்டர் நாச்சியப்பன், நாற்பது சர்க்கரை நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார். பிலோமினா இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் ஒரு உதவி கேட்டாள். அவர் நாற்பதாவது பெயராக அந்தோணிராஜை எழுதிக்கொண்டார்.

"மொதல்ல எலிக்குக் குடுத்துப் பாக்க மாட்டாங்களா?" என்று அந்தோணிராஜ் சந்தேகப்பட்டார்.

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப நகல் புழு வந்துருச்சு. உங்க ரத்தத்துல ஒரு சொட்டு எடுப்பாங்க. உங்க உடம்பு சக்கரைய எப்படிக் கையாளுதோ, அந்த விஷயத்த மட்டும் பிரிச்சுப் புழுவுக்குள்ள வெச்சிருவாங்க. அப்புறம் அதுல பாதி நீங்கதான். புழுவுக்கு ஆயுசு மூணு வாரம். மருந்து உங்கள முப்பது வருசத்துல என்ன பண்ணுமோ, அத மூணு வாரத்துல அது காட்டிரும்."

"அப்ப நான் உங்க ஆபீசுல தட்டுல நெளியுறேனா?"

"ஒரு ஆளா இல்ல. அம்பது ஆளா."

"எது எந்தத் தட்டுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாது. நம்பர்தான் இருக்கும். தெரிஞ்சா எண்ணுற கை நடுங்குமாம்."

அந்தோணிராஜுக்கு வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "அம்பதுல ஒருத்தனாவது உன்னைய அடையாளம் கண்டு தலைய ஆட்டுவான் பாரு" என்றார்.

மூன்று வாரத்தில் புழுக்கள் தேறின. நர்ஸ் ஷகிலா அவருடைய இடது கையில் தோலுக்கு அடியில், சீரகச் சம்பா அரிசி அளவுக்கு ஒரு குச்சியை வைத்து ஒரு தையல் போட்டாள். ஒரு வருஷத்துக்கு மருந்து அதிலிருந்து தானாகக் கசிந்துகொண்டிருக்கும். மாத்திரை இல்லை, ஊசி இல்லை.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. முந்நூற்றெண்பதில் இருந்த சர்க்கரை நூற்றுப்பத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது. அறுபதாவது நாள் புண்ணின் மேல் புதுத் தோல் படர்ந்திருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி எடுக்க வேண்டியதில்லை என்றார். பிலோமினா மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள்.

அவருடைய குணமும் மாறியது. ஒருநாள் வேலை அவசரத்தில் பிலோமினா வைத்த ரசத்தில் புளியும் இல்லை, உப்பும் இல்லை. வாயில் வைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. எதிரில் அந்தோணிராஜ் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் குற்றம் சொல்லாமல் எழுந்த முதல் சாப்பாடு அது. உப்பு ஒரு கல் கூடினாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுகிற ஆள். அடுப்படியில் அவள் பின்னால் நின்றுகொண்டு, வெங்காயம் சிவக்கவில்லை, அடுப்பைக் குறை என்று உயிரை எடுக்கிற ஆள். அன்றைக்குப் பிறகு அவர் குரல் உயரவே இல்லை. உள்ளதைச் சொன்னால், அந்த ஒன்றரை மாசம் பிலோமினா சந்தோஷமாக இருந்தாள். இப்படி ஒரு புருஷன் கிடைக்க ஒரு வேர்தான் வேண்டியிருந்ததா என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். அதை நினைத்துப் பின்னால் அவள் பட்ட வெட்கம் கொஞ்சமல்ல.

பிறகு அவர் சமையலுக்குப் போவதை நிறுத்தினார். கால் வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை. ஆள் கிடைக்கவில்லையா என்றால் இல்லை. "தோணல" என்பார். அதற்கப்புறம் நடக்க ஆரம்பித்தார். ஒரு சாயந்தரம் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர், நத்தம் ரோட்டில் ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்டிக்கடை ஓரமாக நின்றவரை ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்.

"எங்க போகணும்னு கெளம்புனீங்க?"

"எங்கயும் இல்ல."

"வீட்டுல என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல பிலோமி. போகணும்னு இல்ல. இருக்கணும்னும் இல்ல."

அவர் அதை வருத்தத்தோடு சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். பிலோமினா கேட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். நிலையத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மருந்தை எடுத்துவிடுவார்களோ என்ற பயம். சொல்லாமல் மூன்று வாரம் ஓடியது.

மூன்றாவது வாரக் கடைசியில் திலகவதி என்ற பெண் நிலையத்துக்கு வந்தாள். வேடசந்தூர்க்காரி. கையில் பதினேழாம் சாறு சோதனையின் அட்டை. எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், பிலோமினாதான் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் இங்கதாங்க்கா சக்கரைக்கு மருந்து வெச்சுக்கிட்டாரு. இருபத்திமூணு நாளா ஆளக் காணோம். செக்கப்புக்காவது இங்க வந்தாரான்னு கேட்டுப் போலாம்னு வந்தேன்."

"வீட்டுல ஏதும் சண்டையாம்மா?"

"சண்டை போட்டிருந்தாத்தான் தேவலையேக்கா. கணக்கு வாத்தியாரு அவரு. வழிக்கணக்குல ஒரு படி விட்டுட்டாக்கூட பெஞ்சு மேல ஏத்துவாரு. கொஞ்ச நாளா யாரையும் ஒண்ணும் சொல்றதில்ல. மனுசன் ஞானி மாதிரி ஆயிட்டாருன்னு ஸ்கூல்லயே பேசிக்கிட்டாங்க. அன்னைக்குக் காலைல இட்லி வெச்சேன். பாதி சாப்பிட்டாரு. எந்திரிச்சாரு. கேட்டத் தொறந்துட்டு போய்க்கிட்டே இருந்துட்டாரு. கடைக்குன்னு நெனச்சேன். செருப்புக்கூட போடல." அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாதி இட்லி அப்படியே தட்டுல இருந்துச்சுக்கா."

திலகவதி போன பிறகு பிலோமினா அலமாரியைத் திறந்தாள். பதினேழாம் சாற்றின் நோட்டுகள் ஆறு. ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்தில்லாத தட்டு ஒன்று, மருந்துள்ள தட்டு ஒன்று. மூன்றாவது பத்தியை மட்டும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். மருந்தில்லாதவற்றில் இரண்டு, மூன்று, ஒன்று, நாலு. மருந்துள்ளவற்றில் ஒன்பது, பதினாலு, இருபத்தொன்பது, ஏழு, முப்பத்தொன்று. அடித்தல் திருத்தல் இல்லாத அவளுடைய கையெழுத்துதான். ஐம்பதில் முப்பத்தொன்று சோற்றை விட்டுவிட்டுச் சுவரேறி இருக்கின்றன. அவள் எண்ணி, எழுதி, துடைத்துப் போட்டிருக்கிறாள். மிச்சமிருந்த பத்தொன்பதும் திடமாக இருந்தன, மருந்து தேறிவிட்டது என்று எல்லாரும் கை குலுக்கிக்கொண்டார்கள். எழுதும்போது ஒருதடவையாவது கை நின்றிருக்க வேண்டாமா என்று அவளுக்கு ஆறவில்லை.

நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நாச்சியப்பன் அறைக்குப் போனாள். அவர் கேரியரைத் திறந்து பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் நோட்டைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"ஏறினத எடுத்துட்டுத்தானே பிலோமினா கணக்குப் போடணும். அதுல தப்பொண்ணும் இல்லையே."

"எடுக்கணும் சார். ஆனா ஏன் ஏறுதுன்னு கேக்கணுமில்ல?"

அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். சோதனையில் சேர்ந்த நாற்பது பேரில் ஆறு பேர் செக்கப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். பட்டியலில் அவர்களுக்கு நேராக 'விலகியவர்' என்று இருந்தது. அங்கேயும் அதே விதிதான். விலகியவர்களை எடுத்துவிட்டு மிச்சமிருப்பவர்களுக்குத்தான் சதவீதம், மிச்சமிருப்பவர்களுக்கெல்லாம் சர்க்கரை பிரமாதமாக இருந்தது. நாச்சியப்பன் அந்த ஆறு பேருடைய தட்டுகளின் எண்களை நோட்டோடு ஒத்துப் பார்த்தார். ஆறு தட்டிலும் பாதிக்கு மேல் ஏறியிருந்தன.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ரத்தத்துல இருக்கிற சக்கரைய எடுத்துக்கோன்னு உடம்புக்குச் சொல்ற சைகையும், இங்க சாப்பாடு இருக்கு, இங்கேயே இருன்னு சொல்ற சைகையும் ஒரே எடத்துலேர்ந்து வருது போல. பதினேழு ஒண்ணைச் சரி பண்ணிட்டு இன்னொண்ண அணைச்சிருது. புழுவுக்குச் சாப்பாடு மட்டுந்தான் ஊரு, அதனால அது செவுரு ஏறுது. மனுசனுக்கு எதெல்லாம் ஒரு எடத்துல உக்கார வெக்குதோ, அதெல்லாம் போயிருது."

"எங்க வீட்டுக்காரர் தட்டு எது சார்?"

"அத நான் சொல்லக் கூடாது." சொல்லிவிட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

ஐம்பதில் ஏறினவை முப்பத்துமூன்று.

பிறகு நாச்சியப்பன் மெதுவாகப் பேசினார். "இந்தப் பத்தியை ஒரு அறிக்கையா நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். அனுப்புனா மறுநாளே சோதனைய நிறுத்திருவாங்க. போலீஸ வெச்சு அந்த ஆறு பேரயும் தேடுவாங்க. மிச்ச முப்பத்துநாலு பேருக்கும் குச்சிய எடுத்துருவாங்க. அந்தோணிராஜுக்கும் சேத்து. எடுத்தா அவரு காலு..." முடிக்கவில்லை. "எழுதிக் குடுக்கறது உங்க கையில இருக்கு."

நாச்சியப்பன் நல்லவர். நல்லவர்களிடம் சில சமயம் இருக்கிற கோழைத்தனம் அவரிடமும் கொஞ்சம் இருந்தது. அதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

வீட்டில் அந்தோணிராஜ் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். வாத்தியார், பாதி இட்லி, முப்பத்துமூன்று, கால்.

"எழுதவா வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

"உன் இஷ்டம்."

"உங்க காலுங்க."

"ஆமா" என்று காலைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஆட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "எழுதுனாலும் சரி, எழுதாட்டியும் சரி. எதுவா இருந்தா என்ன."

இரண்டாம் முறையும் கேட்டாள். அதே பதில்தான், அதே குரல்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இருபத்தாறு வருஷம் தாங்கியிருக்கிறாளே.

மறுநாள் நாச்சியப்பன் ஒரு வழி சொன்னார். இப்போது அந்தோணிராஜ் சொல்கிற எதுவும் அவருடைய பதில் ஆகாது. குச்சியை எடுத்துவிட்டால் பத்து நாளில் மருந்து உடம்பைவிட்டுப் போய்விடும். அப்போது கேளுங்கள். அவர் வேண்டும் என்றால் திரும்ப வைத்துவிடலாம், அதற்குள் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஷகிலா ஐந்தே நிமிஷத்தில் குச்சியை எடுத்தாள்.

நாலாவது நாள் அந்தோணிராஜ் தாளித்த வாடை வந்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். ஆறாவது நாள் தூக்கத்தில் புலம்பினார். ஏழாவது நாள் கத்திரிக்காய்க் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "இதைக் கொண்டுபோய் ரோட்டுல ஊத்து, ரோடாவது ஒட்டும்" என்றார். பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தோஷமா அழுகையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒன்பதாவது நாள் புதுத் தோலின் ஓரத்தில் நீர் கசிந்தது. சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு.

பத்தாவது நாள் அவள் மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை அவர் குறுக்கே குறுக்கே கேட்டார். வாத்தியார் செருப்புப் போடாமல் போனார் என்றதும் உச்சுக் கொட்டினார். முடிந்ததும் எழுந்து நொண்டி நொண்டி வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"எழுதாத" என்றார்.

"நீங்களும் ஒருநாள் போயிருவீங்க. அம்பதுல முப்பத்துமூணு."

"போனாலும் ரெண்டு காலோட போறேன்." நாற்காலியில் உட்கார்ந்தார். "உனக்குத் தெரியாது பிலோமி. முப்பது வருசமா ஒவ்வொரு அண்டாவயும் தெறக்குறப்ப எனக்கு ஒரே பயம். சோறு கொழைஞ்சிருச்சோ, அடிப்பிடிச்சிருச்சோ, கல்யாண வீட்டுல மானம் போயிருமோன்னு. அந்தப் பயத்துலதான் பக்கத்துல நிக்கிறவன அடிக்கப் போவேன். உன்னையக் கத்துறதும் அதுதான். அந்த மருந்து இருந்தப்பத்தான் மொதத் தடவையா பயமில்லாம மூச்சு விட்டேன். அத நீ புடுங்கப் பாக்குற. காலையும் சேத்து."

"அப்ப நான்?"

கேட்டபிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் பத்து நாள் காத்திருந்தோம் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தோணிராஜ் அவளை நேராகப் பார்த்தார். ஆசையும் கோபமும் பயமும் எல்லாம் திரும்பி வந்திருந்த கண்கள். முழு ஆளாக உட்கார்ந்துகொண்டு, அவளையும் சேர்த்து வேண்டாம் என்று சொல்லப்போகிறவர் மாதிரி இருந்தார். ஆனால் சொல்லவில்லை. "மத்தவன் கதையெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிலோமினா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. ஒரே ஆளிடமிருந்து அவளுக்கு இரண்டு பதில் கிடைத்திருந்தது. அக்கறை இல்லாதவர் உன் இஷ்டம் என்கிறார், அக்கறை உள்ளவர் எழுதாதே என்கிறார். நியாயமாகப் பார்த்தால் இரண்டாவது பதிலுக்குத்தான் அவள் கட்டுப்பட வேண்டும். கால் அவருடையது. ஆனால் எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு இடத்தில் முட்டியது. அவள் தன் புருஷனை இரண்டு தடவை கேட்டாள். திலகவதியின் புருஷனை யார் கேட்டார்கள்? இன்னும் முப்பத்துமூன்று வீடுகளில், புருஷன் திட்டுவதை நிறுத்திவிட்டான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிற பெண்களை, பெண்டாட்டி ஏன் இவ்வளவு சாதுவாகிவிட்டாள் என்று யோசிக்காத ஆண்களை, யார் கேட்டார்கள்? அவளைப் போலவே அவர்களும் கேட்டைப் பூட்டிக்கொண்டு வாயை மூடியிருப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை நிலையத்துக்குப் போய், இரண்டு பக்கம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு நாச்சியப்பன் மேஜையில் வைத்தாள். அவர் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

வீட்டில் வந்து, "எழுதிட்டேன்" என்றாள்.

அந்தோணிராஜ் தட்டை எடுத்துச் சுவரில் எறிந்தார். பிறகு ஐந்து வாரம் அவளிடம் பேசவில்லை. ஐந்தாவது வாரம் புண் எலும்புவரை போயிருந்தது. காய்ச்சல் வந்தது. முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அவர் அவளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே போனார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் பிலோமினா ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தாள், உருட்டவில்லை. யாரிடம் என்ன கேட்பது?

நாலாவது நாள் திலகவதி வார்டுக்கு வந்தாள். கூடவே ஒல்லியாக, வெயிலில் கறுத்துப்போன ஒரு மனிதர். கையில் மலைவாழைப்பழம் ஒரு சீப்பு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவரைப் போலீஸ் கண்டுபிடித்து, கையில் இருந்த குச்சியை எடுத்து, வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஆறு பேரில் நாலு பேர் கிடைத்துவிட்டார்கள். இரண்டு பேரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.

வாத்தியார் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு அந்தோணிராஜின் கால் இருந்த இடத்தில் போர்வை தாழ்ந்திருப்பதைப் பார்த்தார். பேச வந்ததெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது. "அங்க தக்காளிய நான் கூறு கூறாத்தான் வெச்சுக்கிட்டிருந்தேனாம்" என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். "பத்து பத்தா." திலகவதி பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. போகும்போது அந்தோணிராஜைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அவர்கள் போய் வெகுநேரம் கழித்து அந்தோணிராஜ் பேசினார். ஆறு வாரத்தில் முதல்முறை.

"மருந்து கைக்குள்ள இருந்தப்ப எங்கிட்ட ஒருதடவ கேட்டியே. முத்தத்துல வெச்சு. நீ கேட்டது ஞாபகம் இருக்கு. நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல."

பிலோமினா பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. ஐம்பதில் ஒன்று குறைந்தாலும் தட்டைத் திரும்ப எடுத்து எண்ணுகிறவள்.

"எழுதுன்னு சொன்னீங்க" என்றாள்.

"நானா?"

"ஆமா. எங்காலு போனாலும் பரவாயில்ல, அந்தப் பொம்பளைங்க பாவம், எழுதுன்னு சொன்னீங்க."

அந்தோணிராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வைக்காமலே, நிறத்தைப் பார்த்தே குழம்பில் என்ன குறை என்று சொல்லிவிடுகிற ஆள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஒருத்தியின் முகத்தை இருபத்தாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். பிலோமினா பழத்தின் நாரைத் தேவைக்கு மேல் சுத்தமாக எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் கையை நீட்டிப் பழத்தை வாங்கிக்கொண்டார்.

"சொல்லியிருப்பேன்" என்றார்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த நத்தம் லாரி டிரைவர், "என்னண்ணே, யாரு அவங்க? கும்பிட்டுட்டுப் போனாங்களே" என்று கேட்டார்.

"அது ஒரு பெரிய கதை தம்பி. எங்க வீட்டுல இவுக ஆராய்ச்சி ஆபீசுல இருக்காக. ஒரு மருந்துல கோளாறுன்னு கண்டுபுடிச்சாக. எழுதிக் குடுத்தா எங்காலு போயிரும். எங்கிட்டதான் வந்து கேட்டாக." அந்தோணிராஜ் பழத்தை ஒரு கடி கடித்தார். "நாந்தான் எழுதச் சொன்னேன்."

பிலோமினா ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்க வெளியே போனாள். வராந்தாவில் நின்று முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் திரும்பி வந்தபோது அவர் அதே கதையை டிரெஸ்ஸிங் மாற்ற வந்த நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை, எழுதச் சொன்னதற்கு மூன்று காரணங்களும் சொன்னார்.